இடிக்கப் பழகியது

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அம்மாவும் நானும் மருந்து அடைக்கும் வேலை பார்த்தோம். அங்கே எதையும் தரையில் இழுக்கக் கூடாது, எதன் மீதும் இடிக்கக் கூடாது. தூக்கித்தான் வைக்க வேண்டும். சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் வெளியே ஓடிவிட வேண்டும்.

என்னை முடக்கியது மருந்து அல்ல. வேலைக்குப் போன வேன் கவிழ்ந்து என் கழுத்து முறிந்தது. கால்கள் போயின, விரல்கள் பாதிதான் மடங்கும்.

இரண்டாயிரங்களின் கடைசியில், மதுரையில் சக்கர நாற்காலி ரக்பி ஆடச் சேர்ந்தேன். பந்தை மடியில் வைத்துக்கொண்டு வருபவனை நம் நாற்காலியால் இடித்து நிறுத்த வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடுவேன். பயந்தாங்கொள்ளி என்றார் பயிற்சியாளர். எனக்குக் கோபம் வந்தது. பயந்தவன் ஆறு வருஷம் மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பானா? இடிக்கக் கூடாது என்பது கையில் ஊறிப்போயிருந்தது. அதை மறக்க எட்டு மாதம் ஆனது.

முதல் போட்டிக்கு வந்த அம்மா முன்வரிசையில் உட்கார்ந்தாள். நான் முழு வேகத்தில் போய் இடித்தேன். இரும்பும் இரும்பும் மோதிய சத்தத்தில் அரங்கமே அதிர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவின் இடம் காலியாக இருந்தது. அவள் செருப்பு மட்டும் கிடந்தது.

ஆட்டம் முடிந்ததும் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு வெளியே போனேன். கேட்டுக்கு அப்பால், வெயிலில் வெறுங்காலோடு நின்றாள். நீட்டிய செருப்பை வாங்கவில்லை.

"நீ உள்ளதான் இருக்கன்னு தெரியும்லே," என்றாள். "தெரிஞ்சும் ஓடி வந்துட்டேன்."