அக்கா மகளுக்கு நான் வைத்த பெயர்

கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் நான் தோற்றதாக நினைவில்லை. எதிரணியின் சொல்லையே எடுத்து அதன் மீது திருப்பி வீசுவது என் பழக்கம். அந்தப் பழக்கத்தை அக்காவிடமும் காட்டினேன்.

அவளை எங்கள் ஊரான பெருமாட்டியிலிருந்து மூணாறு மலையிலுள்ள சூரியநெல்லிக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமாவுக்கு அங்கே தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் வேலை. முதல் இரண்டு குழந்தைகளும் தொட்டிலைத் தாண்டவில்லை. மூன்றாவதாகப் பெண் பிறந்தபோது, காதில் பெயர் சொல்லவேண்டிய தாய்மாமனாக நான் மலையேறினேன். அக்கா ஏற்கெனவே ஒரு முடிவோடு இருந்தாள்.

“குப்பாயின்னு வெச்சுப்போடலாம் தம்பி. குப்பையில கெடந்து எடுத்த புள்ளயின்னா எமன் சீந்த மாட்டான்.”

“படித்த நீயே இவ்வாறு கூறலாமா, அக்கா?” என்று தொடங்கினேன்.

“இங்க மைக்கு இல்ல சாமி. மெல்லப் பேசு, புள்ள தூங்குது.”

பெயருக்கும் ஆயுளுக்கும் தொடர்பில்லை என்பதைப் பல கோணங்களில் நிறுவினேன். அக்கா தொட்டிலை ஆட்டத் திரும்பிக்கொண்டாள். எதிரணி வாயடைத்தால் வெற்றி என்பதே மேடையில் நான் கற்றது. யாழ்மொழி என்று குழந்தையின் காதில் சொன்னேன். இரண்டு ழகரங்கள், அந்த மலையில் வேறெவருக்கும் இல்லாத பெயர்.

எவர் வாயிலும் நுழையாத பெயர் என்பதும் அன்றே தெரிந்துவிட்டது. தோட்டத்து மக்கள் நெல்லை, மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பிய பக்கத்து வீட்டுப் பெண்ணை நிறுத்தி, நாக்கை மடித்துக் காட்டினேன்.

“யாளு… ஆளுமொளி… போங்க தம்பி, ஒரு பேரச் சொல்லுததுக்குள்ள கொளுந்து ஒரு கூடை எடுத்துருவேன். ஆமுளின்னே கூப்புடுதோம்.”

தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுவதும் ஆமுளி பரவியது. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் நான் திருத்தினேன். திருத்தத் தொடங்கினால் அக்கா அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவாள்.

அடுத்த மழைக்காலத்தில் நான் அங்கிருந்தபோது குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டி ஒவ்வொரு மூச்சும் உரசிக்கொண்டு வந்தது. கம்பவுண்டர் ஊசி போட்டு, மாலைக்குள் சூடு தணியாவிட்டால் மூணாறுக்குக் கொண்டுபோகச் சொன்னார். மாமா ஜீப்புக்கு ஓடினார். முதல் இரண்டும் இப்படித்தான் போயின. நான் நிறுவிய கோணங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கண் திறக்கட்டுமே என்று குனிந்து, யாழ்மொழி என்று அழைத்தேன்.

அக்கா என் வாயைப் பொத்தினாள்.

“அந்தப் பேரச் சொல்லாத தம்பி. ஆருக்கும் அது வாயில வராமத்தான் இத்தன நாளா தைரியமா இருந்தேன். நீ ஒருத்தந்தான் தெளிவாச் சொல்லி எமனுக்கு அடையாளங் காட்டிக் குடுக்கறே.”

அடுப்பைப் பார்க்க அவள் எழுந்துபோனதெல்லாம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண் மழைக்குத் தலையில் போர்த்தியிருந்த சாக்குக் கொங்காணியை வாசலில் போட்டுவிட்டு நனைந்த தலையோடு உள்ளே வந்தாள்.

“ஏட்டி ஆமுளி, கண்ணத் தொறந்து பாருட்டி.”

“ஆமுளி,” என்றேன் நானும். அக்காவின் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை சொன்னேன்.

மாலையில் சூடு இறங்கியது. ஊசிதான் இறக்கியது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அதற்குப் பின் நான் எவரையும் திருத்தவில்லை. அடுத்த ஆண்டு லயத்தில் பிறந்த இரண்டு பெண்களுக்கு ஆமுளி என்றே பெயரிட்டார்கள். “கெட்டியான பேரு தம்பி, நீங்க வச்சதுல்லா,” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

சென்ற ஜூனில் எங்கள் ஆமுளியைப் பள்ளியில் சேர்க்கப் போனோம். வழியெல்லாம் அக்காவுக்கு ஒரே கவலை.

“டீச்சரு மலையாளத்துக்காரங்க தம்பி. அவீகளுக்கு அந்த எழுத்து சுத்தமா வருமே.”

வரும்தான். நாள்தோறும் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது இரண்டு ழகரமும் பிழையின்றி ஒலிக்கும். இத்தனை காலம் நான் ஏங்கிய உச்சரிப்பு அது.

“மோளுடெ பேரெந்தா?” என்று டீச்சர் கேட்டார்.

அக்கா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமுளி,” என்றேன்.

டீச்சர் பேனாவை நிறுத்தினார். “அர்த்தம் எந்தா?”

“அறியில்லா, டீச்சரே.”

அவர் எழுதி முடித்த பிறகுதான் அக்கா சட்டையை விட்டாள்.