சட்னிப் பாத்திரத்தின் மூடி

ஓசூர் தொழிற்பேட்டையில் பேப்பர் படித்தபடி தேன்கனிக்கோட்டை பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். டீக்கடைக்குப் பின்னால் ஒரு கம்பத்தில் மாங்காய்க் கூடை கட்டியிருக்கிறது. மெஷின் பொருத்த வந்த வெளிநாட்டு இன்ஜினியர் விட்டுப்போன, கூடைக்குள் எறிந்து விளையாடும் பிளாஸ்டிக் தட்டுகளை இரண்டு தொழிலாளர்கள் அதை நோக்கி எறிகிறார்கள்.

ஒரே மெஷினில் வேலை என்பதால் பொங்கலுக்கு ஒருவருக்குத்தான் லீவு. வெங்கடேசப்பாவுக்கு ஊரில் எருது விடும் விழா. செல்வத்துக்குத் திருநெல்வேலியில் பெண் பார்க்கிறார்கள். முதலில் கூடைக்குள் போடுகிறவர் ஊருக்குப் போகலாம்.

இருவரும் ஓரம் மெலிந்த, வேகமான தட்டைத்தான் எடுக்கிறார்கள். அது ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் வளைந்து முள்வேலிக்குள் போகிறது.

"புதுசா எறியறவங்களுக்கு ஓரம் தடிச்ச தட்டுதான் சரின்னு அந்த இன்ஜினியர் சொன்னாருப்பா" என்கிறார் கடைக்காரர் நாராயணப்பா.

"அது எங்கண்ணா?" என்று செல்வம் கேட்கிறார்.

"சட்னி மேல மூடியிருக்கேன்."

செல்வம் அதை எடுத்துச் சட்டையில் துடைக்கிறார்.

"ரசம் ஊத்தின தட்டு மாதிரி சாயாம பிடி. கைய மட்டும் வீசாத, இடுப்பத் திருப்பு" என்கிறார் நாராயணப்பா.

தட்டு நேராகப் பறந்து கூடைக்குள் விழுகிறது.

"சட்னி மூடியெல்லாம் செல்லாது மச்சான்!" என்று வெங்கடேசப்பா கத்துகிறார்.

சூப்பர்வைசர் வந்து பார்த்துச் சொல்லும்வரை கூடையை யாரும் தொடக்கூடாது என்று முடிவாகிறது. அவர் ஷிப்ட் முடிந்துதான் வருவார்.

"சார், பேப்பர் படிச்சாச்சா?" என்று நாராயணப்பா என்னைக் கேட்கிறார்.

தலையங்கம் பாக்கியிருக்கிறது. இருந்தாலும் கொடுத்துவிடுகிறேன். சட்னியில் ஈ உட்காரத் தொடங்கிவிட்டது.