கோபமென்று எண்ணியிருந்தது

திருச்சானூரில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். நகரியிலிருந்து தினமும் ரயில், பிறகு ஷேர் ஆட்டோ. வருகிறவர்களிடம் தமிழும் தெலுங்குமாகச் சிரித்துப் பேச வேண்டும். அது எனக்கு வேலையாகவே தெரிந்ததில்லை.

மகள் பிறந்த சில மாதங்களில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. தூங்கி எழுந்தாலும் உடம்பு கனத்தது. சித்திரை வெயிலில் போர்வை தேடினேன். குரல் தடித்தது. ஒருநாள் ஒரு குடும்பத்துக்கு வேறு அறையின் சாவியைக் கொடுத்துவிட்டேன். அவர்கள் சத்தம் போட, எல்லோர் முன்னாலும் அழுதேன். மேலாளர் என்னைத் துணி அடுக்கும் அறைக்கு மாற்றினார். கொஞ்ச நாளில் வேலையையே விட்டுவிட்டேன்.

வீட்டில் பேச்சு குறைந்தது. கணவர் தறி வேலையிலிருந்து வந்ததும் சோற்றை வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். குழந்தையைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அவர்தான். என் குணமே கெட்டுவிட்டதாக அம்மா சொன்னாள். நானும் நம்பினேன்.

மகளுக்குக் காய்ச்சல் என்று திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். குழந்தையைப் பார்த்து முடித்த டாக்டரம்மா, குரல் எப்போதுமே இப்படியா என்று என்னைக் கேட்டார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது. மனம் சோர்வதும் அதனால்தான், இனி ஆயுள் முழுக்க வெறும் வயிற்றில் மாத்திரை போட வேண்டும் என்றார்.

திரும்பும் ரயிலில் கணவர் மெல்லச் சொன்னார்.

"நீ என் மேல கோவமா கீறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கேட்டா பெரிசாயிடும்னு கேக்கல."

"எனக்கு இன்னா ஆச்சின்னு எனக்கே தெரியலயே," என்றேன்.

உடம்பு மெதுவாகத்தான் தேறியது. லாட்ஜில் என் இடத்துக்கு வேறொரு பெண் வந்திருந்தாள். இப்போது புத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். சில நாள் பழைய கனம் திரும்பும். அன்று காலையிலேயே, "இன்னிக்கு முடியல," என்று கணவரிடம் சொல்லிவிடுவேன். அவரும் காரணம் கேட்காமல் அடுப்படிக்குப் போவார். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் பழக எனக்கு வெகுகாலம் ஆனது.

மகள் முதல் அடி வைத்த வீடியோ அவர் போனில் இருக்கிறது. அதில் ஓரமாக நானும் தெரிகிறேன். எனக்கு அந்த நாளே நினைவில்லை.

அவள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். கீழே விழுந்தால் "நைனா" என்று அப்பாவைத்தான் முதலில் கூப்பிடுகிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் நான்தான் முதலில் எழுந்து ஓடுகிறேன்.