ஹம்மிலிருந்து எர்ஃபுர்ட், மறுபடி ஹம்

போன மாதம் நான் ஜெர்மனியின் எர்ஃபுர்ட் போனது அங்குள்ள பழைய தேவாலயம் பார்க்க அல்ல. ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த கௌரியின் வழக்கு அங்குள்ள தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வந்திருந்தது. அவரை நீக்குமுன் இல்லம் சட்டப்படி ஊழியர்களே தேர்ந்தெடுக்கும் ஊழியர் மன்றத்திடம் முழுக் காரணத்தையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்கிறார் கௌரி. அவர் கேட்பது ஒன்றுதான்: வேலை திரும்ப வேண்டும்.

காலை ஆறரை வாக்கில் கௌரியும் நானும் ஹம்மில் ரயிலேறி, காசலில் மாறி, பதினொன்றரைக்குள் எர்ஃபுர்ட் சேர்ந்தோம். சுமார் முந்நூறு கிலோமீட்டர். மாதம் 63 யூரோ ஜெர்மனி டிக்கெட் போதும். விரைவு ரயிலில்தான் அது செல்லாது.

தொழிலாளர் வழக்குக்கு மூன்று படிகள். முதல் இரண்டும் ஹம்மிலேயே உண்டு. முதல் படியில் நீதிபதி சமரசத்துக்கு வழி பார்ப்பார். பலர் இழப்பீடு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

“எனக்கும் சொன்னவர்,” என்றார் கௌரி, இடியப்பப் பார்சலைப் பிரித்தபடி. “காசு வேண்டாம், என்ர வேலையைத் தாங்கோ எண்டன். மனுசன் கண்ணாடியைக் கழட்டிப்போட்டுப் பாத்தார்.”

அங்கே தோற்றார். இரண்டாவதான மாநிலப் படியிலும் தோற்றார்; ஆனால் மேலே போக அந்த நீதிமன்றமே அனுமதி தந்தது. மூன்றாவதான கூட்டாட்சிப் படி எர்ஃபுர்ட். அங்கே சாட்சி விசாரணை இல்லை. கீழே சட்டத்தைச் சரியாகப் பார்த்தார்களா என்பது மட்டுமே கேள்வி.

“வக்கீல்தானே பேசுவார், நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்?” என்றேன்.

“கதைக்க ஏலாட்டி என்ன அண்ணை, முன்னுக்கு இருப்பன். ஆரைத் துரத்தினவை எண்டு பாக்கட்டும்.”

டிராமில் தேவாலயச் சதுக்கமான தோம்பிளாட்ஸ் போய், அங்கிருந்து நீதிமன்றத்துக்கு மேடேறினோம். மேடையில் ஐவர்: மூன்று நீதிபதிகள், முதலாளிகள் தரப்பிலிருந்து ஒருவர், தொழிலாளர் தரப்பிலிருந்து ஒருவர். பின்னவர் இருவரும் சட்டம் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. வாக்கு மட்டும் சமம். கௌரி முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மாலையில் தீர்ப்பு: மாநில நீதிமன்றத்தின் முடிவு ரத்து. ஆனால் முழு வெற்றியும் அல்ல. மன்றத்திடம் உண்மையில் என்ன சொல்லப்பட்டது என்று ஹம் மாநில நீதிமன்றமே மறுபடி விசாரிக்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: விசாரணையை யாரும் இலவசமாகப் பார்க்கலாம், அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள். உங்களையே வேலையை விட்டு நீக்கினால், கடிதம் கைக்கு வந்து மூன்று வாரத்துக்குள் முதல் படியில் வழக்குப் பதியுங்கள். அங்கே வக்கீல் கட்டாயமில்லை. நாட்களைத் தவறவிட்டால் மேலே எத்தனை படி இருந்தும் பயனில்லை.

வாசலில் இல்லத்தின் வக்கீல் கௌரியிடம் மெதுவாக வந்தார். இன்னும் பல மாதம் இழுக்கும், இப்போதே பேசி முடிக்கலாமே என்றார். கௌரி ஜெர்மனில் சுருக்கமாக ஏதோ சொன்னார். வக்கீலின் முகம் சுருங்கியது.

“என்ன சொன்னீங்க?”

“ஹம் எண்டால் எனக்கு ரயிலும் வேண்டாம், நடந்தே வாறன் எண்டு சொன்னனான்.”