தன் மனுவுக்கு டீச்சர் எழுதிய பதில்

இன்று காலை லில்லி டீச்சரோடு தாலுகா ஆபீஸ் போனேன்.

முத்தையாபுரத்தில் உப்பளத் தொழிலாளர்கள் குடிக்கும் கிணற்றுத் தண்ணீரை ஒரு கம்பெனியின் கழிவு கெடுத்துவிட்டது. அந்தக் கழிவு வரும் வாய்க்காலை அடைக்கக் கேட்டு டீச்சர் கொடுக்கும் பதினாறாவது மனு இது.

கிளார்க் பதில் தாளை அவரிடமே நீட்டினார். "ஃபைல் உங்களுக்குத்தான் அத்துப்படி. 'பரிசீலனையில் உள்ளது'ன்னு நீங்களே எழுதிருங்க டீச்சர். தாசில்தார் சார் கையெழுத்து போட்டுருவாவ."

டீச்சர் எழுதினார்: "கழிவு வாய்க்காலை உடனே அடைக்க உத்தரவிடப்படுகிறது."

"சார் வாசிச்சுட்டா?" என்றேன் மெதுவாக.

"போன பதினஞ்சு மனுவை வாசிச்சாவளாலே?"

வாசிக்கவில்லை. கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன.

சாயங்காலம் வாய்க்காலை மண் போட்டு அடைத்தோம். தடுக்க வந்த கம்பெனி வாட்ச்மேன் முத்திரையைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டார்.

உங்கள் ஊர் மனுவுக்கு என்ன பதில் வேண்டும்? எழுதி அனுப்புங்கள். டீச்சருக்கு நாளைக்கும் தாலுகா ஆபீஸில் வேலை இருக்கிறது.