செல்வம் சேற்றில் நின்ற மதியம்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் அப்படித்தான் என்றால் சந்தோஷம், ஆனால் இதை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில் செம்மண்டலத்திலிருந்து சிதம்பரத்துக்கு, மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா பையன் செல்வத்துக்கும் எனக்கும் ஒரே வயசு. நண்டு பிடிக்கலாம் என்று, தெரிந்தவர் படகை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குள் போய்விட்டோம். மதியம் தண்ணீர் வற்றி, படகு தரைதட்டியது. வழியில் நின்றுபோன பைக்கைத் தள்ளுகிற பழக்கத்தில் செல்வம் கீழே குதித்தான். இடுப்புவரை சேற்றில் இறங்கிவிட்டான்.

இழுத்தேன். படகுதான் சாய்ந்ததே தவிர அவன் அசையவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை, கத்தியதற்குக் கொக்குதான் பறந்தது. கொஞ்ச நேரத்தில் கடல் தண்ணீர் திரும்ப ஏற ஆரம்பித்தது. மார்பு, தோள், கழுத்து.

"படகு எடுத்தது என் தப்புன்னு எங்கம்மா கிட்ட சொல்லிடு மச்சான். இல்லாட்டி ஒன்னத்தான் திட்டும்" என்றான். அந்த நிலைமையிலும் அவனுக்கு என் கவலை. நான் அழுதேன், வேறென்ன செய்ய.

தண்ணீர் தாடையைத் தொட்டபோது அவன் முகம் மாறியது.

"இழுக்காத. அடியில யாரோ என் காலைத் தாங்குறாங்க."

நம்பினால் நம்புங்கள், படியேறுகிற மாதிரி அவன் மெல்ல மேலே வந்தான். இடுப்பு தெரிந்ததும் வாரிப் படகில் போட்டேன். ஒரு கால் மட்டும் வரவில்லை. தண்ணீருக்குள் கைவிட்டுக் குதிகாலை விடுவித்தேன்.

ரொம்ப நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான்: "அது என்னத் தூக்கல மச்சான். அதுவும் வெளிய வரப் பாத்துச்சு."

அன்று சாயங்காலம் படகுக்காரரிடம் நாங்களே போய் ஒப்புக்கொண்டோம். அதுவரைக்கும் எந்தத் தப்பையும் ஒப்புக்கொண்ட பழக்கம் எங்களுக்கு இல்லை.

செல்வத்திடம்கூட நான் ஒப்புக்கொள்ளாதது ஒன்று இருக்கிறது. குதிகாலைத் தேடிய என் கையை, ஒரு சின்னப் பிள்ளையின் கை பிடித்துக்கொண்டது. இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். வெதுவெதுப்பாக இருந்தது. அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டவன் நான்.