கதைக்காரியின் பலவீனம்

எங்கள் அப்பாவுக்குக் கதை கட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் பகல் முழுக்க இரும்புக் குழாய்களோடு நின்றுவிட்டு வருகிற மனுசன். "சாப்பாடு இருக்கோ" என்று கேட்டாரென்றால் அன்றைய பேச்சில் பாதி முடிந்துவிடும். அப்பேர்ப்பட்டவர், இலங்கையில் போர் முடிந்த அந்த வருடத்தில் மூன்று மாதம் விடாமல் கதை சொன்னார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. வன்னிக்குள் அகப்பட்டிருந்த மாமாவிடமிருந்து, அம்மாவின் ஒரே தம்பியிடமிருந்து, தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்மா வெறும் தேத்தண்ணியோடு நிறுத்திக்கொண்டார். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தால் எழும்ப மாட்டார். உடுப்பெல்லாம் தொளதொளத்துப் போனது. ஒருநாள் வேலையிடத்திலேயே மயங்கி விழுந்தார். அதற்கு அடுத்த நாள்தான் அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்று சொன்னார்.

"இஞ்சரும், பிறேக் நேரம் எனக்கொரு கோல் வந்தது. உம்மடை தம்பியைக் கண்டவையாம். கையிலை சின்னக் காயமாம். மற்றும்படி சுகமாம்."

அம்மா அழுதார். பிறகு இரண்டு இடியப்பம் சாப்பிட்டார். நான் திகைத்துப்போய் நின்றேன். அப்பா அன்று கைபேசியை வீட்டில் மறந்து விட்டுப் போயிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து அதில் விளையாடிக்கொண்டிருந்தது நான்தான். ஒரு கோலும் வரவில்லை. அம்மாவின் கண்ணில் படுமுன் அதைச் சோபா மெத்தைக்குக் கீழே தள்ளிவிட்டேன். சிறுவயதில் நான் புத்தியோடு செய்த காரியம் அது ஒன்றுதான்.

பள்ளிக்கூடம் முடிந்து நாங்கள் போகும் கிளப்பில் அந்த நாள்களில்தான் ஒரு புது விளையாட்டுத் தொடங்கியிருந்தது. ஆளாளுக்கு ஒரு வீரனையோ சூனியக்காரியையோ தாளில் உருவாக்கி, இருபது முகத் தாயக்கட்டையை உருட்டி, மேசையைச் சுற்றி உட்கார்ந்தபடியே அரக்கர்களோடு அடிபடுவது. பெடியன்கள் எல்லாரும் கோடரிக்காரர்கள். என் சிநேகிதி நெருப்பு மந்திரக்காரி. நான் கதைக்காரியை உருவாக்கினேன். அவளுக்கு வாளும் இல்லை, மந்திரக்கோலும் இல்லை. அவள் சொல்லும் கதை நடக்கும், அவ்வளவுதான். செத்துக் கிடப்பவனைப் பார்த்து, இவன் எழும்பிச் சோறு கேட்டான் என்று அவள் சொன்னால் அவன் எழும்பிச் சோறு கேட்பான்.

விளையாட்டை நடத்திய நீண்ட தலைமுடிக்கார டேனிஷ் அண்ணன் தாளைத் திருப்பித் தந்தார். இவளுக்குச் சக்தி கூடிப்போச்சு, பலவீனம் என்கிற கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது, அதை நிரப்பாமல் இவளை விளையாட விடமாட்டேன் என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கதைக்கு என்ன பலவீனம்? எங்கள் வீட்டில் ஒரு கதை சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறதே என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

அப்பாவின் கதை வளர்ந்துகொண்டே போனது. மாமா தாடி வளர்த்திருக்கிறார். மாமா சவர்க்காரம் கேட்டார். வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். மாமா அதற்கு முன்பே முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டதாக அப்பா சொன்னார். ஒரு திங்கட்கிழமை இடது கையில் இருந்த காயம் புதன்கிழமை வலது கைக்கு மாறியது. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மாவோ, "பிட்டு இன்னும் கொஞ்சம் வைக்கட்டோ" என்று மட்டும் கேட்டார். அப்பாடா, கவனிக்கவில்லை என்று நினைத்தேன். அந்த நாள்களில் அம்மா கோயிலுக்கும் வருவதில்லை. கேட்டால் வேலை கூடிப்போச்சு என்பார்.

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அம்மா லீவு எடுத்துக்கொண்டு விடியவே சமைக்கத் தொடங்கினார். கணவாய்க் கறி, முருங்கைக்காய், முட்டைப் பொரியல், பயற்றம் பணியாரம். எல்லாம் மாமாவுக்கு உயிர் என்று அம்மா சொல்லிச் சொல்லி எனக்குப் பாடம். முதல் தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் போட்டு, சின்ன அறைக்குள் கொண்டுபோய் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார்.

யாருக்கு என்று டேனிஷில் கேட்டேன்.

"மாமாவுக்கு."

அப்பாவின் கதை பலித்துவிட்டது, மாமா வந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். யன்னலடிக்குப் போய் வீதியில் வரும் கார்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா குளித்துவிட்டு வந்தார். கறிச்சட்டிகளைப் பார்த்தார். சாத்திய கதவைப் பார்த்தார். மேசையில் வந்து உட்கார்ந்தார். அம்மா பரிமாறினார்.

"இண்டைக்குத் தம்பி என்னவாம்?"

அதுவரை ஒருநாளும் அம்மா தானாகக் கேட்டதில்லை. அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

"வயிறு நிறையச் சாப்பிட்டவனாம்," என்றார்.

"ஓம். நீங்களும் சாப்பிடுங்கோ."

அப்பா சாப்பிட்டார். கண்ணால் தண்ணீர் ஓடியது. கணவாய் உறைப்பு என்றார். நானும் நம்பினேன், உண்மையிலேயே உறைப்பாகத்தான் இருந்தது. மாமா வரவில்லை. அன்றோடு அப்பா கதை சொல்வதை நிறுத்திவிட்டார்.

அம்மா நம்பியதால்தானே சாப்பிட்டார் என்ற நினைப்பில், திங்கட்கிழமை கிளப்பில் அந்த வெறும் கட்டத்தை நிரப்பினேன். 'கேட்பவர் நம்பினால்தான் இவளுடைய கதைக்குச் சக்தி.' அண்ணன் தலையாட்டி, கதைக்காரியை விளையாட்டில் சேர்த்துக்கொண்டார்.

பல வருடங்கள் கழித்து ஒரு சொந்தக்காரர் வீட்டில் முப்பத்தோராம் நாள் செலவுச் சடங்குக்குப் போயிருந்தேன். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் படைத்து, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தினார்கள். வீட்டுக்கு வந்து, அன்று சின்ன அறைக்குள் வைத்த தட்டைப் பற்றி அம்மாவைக் கேட்டேன். சண்டை முடிந்த கிழமையே, மாமாவோடு ஒரே பங்கருக்குள் இருந்த ஒருவர் அம்மாவின் வேலையிடத்துக்குக் கோல் எடுத்து, மாமா செத்துப்போனதைச் சொல்லிவிட்டாராம்.

"அப்பாட்டை ஏன் சொல்லேல்லை?"

"மனுசன் பாவம். வாயே திறக்காதது எனக்காண்டிக் கதைச்சுது. நிப்பாட்டச் சொல்ல மனம் வரேல்லை."

காயம் கை மாறியதுகூட அவருக்கு நினைவிருந்தது. அந்த ஒரு மாதமும் அப்பாவின் கதையில் ஒரு சொல்லைக்கூட நம்பாமல் அம்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கேட்டுக்கொண்டே சாப்பிட்டும் இருக்கிறார்.